நீல விளக்கில் வைத்தால் பழச்சாறு சுத்தமாகிவிடாது

உணவு நுண்ணுயிரியல் ஆய்வகத்துக்குப் பழச்சாறு மாதிரி கொண்டுவரும் சிறு தயாரிப்பாளர்களிடம், கிருமி நீக்கத்துக்கு என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால், "யூவி போட்டிருக்கோம் மேடம்" (யூவி என்றால் புற ஊதாக் கதிர்) என்ற பதில் இப்போதெல்லாம் சரளமாக வருகிறது. அண்மையில் வந்த ஒருவர், மூடி போட்ட சாத்துக்குடிச் சாறு பாட்டில்களை, சலூனில் சீப்பும் கத்தரியும் வைக்கும் நீல விளக்குப் பெட்டி போன்ற ஒன்றில் சிறிது நேரம் அடுக்கி வைத்துவிட்டு, 'புற ஊதாக் கதிரால் கிருமி நீக்கப்பட்டது' என்று லேபிளும் ஒட்டியிருந்தார். அவருடைய மாதிரியில், சுகாதாரக் குறைவைக் காட்டிக்கொடுக்கும் கோலிஃபார்ம் பாக்டீரியா, ஆய்வுத் தட்டில் எண்ண முடியாத அளவுக்கு வளர்ந்திருந்தது. அவர் ஏமாற்றுக்காரர் அல்லர். பெட்டியை விற்றவர் சொன்னதை அப்படியே நம்பியவர். இப்படி நம்பி வருகிறவர்கள் பெருகிக்கொண்டே போவதால்தான் இதை எழுதுகிறேன்.

கிருமியைக் கொல்லும் புற ஊதாக் கதிரின் அலைநீளம் சுமார் 254 நானோமீட்டர். சாதாரணக் கண்ணாடி அதை ஊடுருவ விடாது; பெட் பிளாஸ்டிக் பாட்டிலும் விடாது. விளக்கின் குழாயையே, அந்தக் கதிரை வெளியே விடும் குவார்ட்ஸில் செய்வது அதனால்தான். "பாட்டிலுக்குள் நீல வெளிச்சம் நன்றாகத் தெரிகிறதே" என்று அவர் வாதாடினார். கண்ணுக்குத் தெரியும் அந்த நீலத்துக்கும் கிருமி நீக்கத்துக்கும் தொடர்பில்லை. வேலை செய்யும் கதிர் கண்ணுக்குத் தெரியாது, அது பாட்டிலின் வெளிச்சுவரோடு நின்றுவிடுகிறது.

சரி, மூடியைத் திறந்து, அகலமான பாத்திரத்தில் ஊற்றி விளக்கின் கீழ் வைத்தால் ஆகாதா என்பது அடுத்த கேள்வி. ஆகாது. தெளிந்த தண்ணீரில் இந்தக் கதிர் பல சென்டிமீட்டர் ஆழம் செல்லும். பழச்சாற்றிலோ சக்கைத்துகள், நிறமி, வைட்டமின் சி எல்லாமாகச் சேர்ந்து, அதன் பெரும்பகுதியை முதல் ஒரு மில்லிமீட்டருக்குள்ளேயே உறிஞ்சிவிடுகின்றன. மேலே ஒரு ஏடு அளவுக்குக் கிருமி சாகும், அடியில் இருப்பது அப்படியே இருக்கும். வீட்டுக் குடிநீர்க் கருவியின் யூவி விளக்கைச் சாற்றுக் குழாயில் மாட்டித் தரும் மெக்கானிக்குகளுக்கும் இதே பதில்தான்.

அப்படியானால் புற ஊதாக் கதிர் பழச்சாற்றுக்கு உதவாதா? நன்றாகவே உதவும், முறையாகச் செய்தால். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2000ஆம் ஆண்டிலேயே அதற்கு அனுமதி கொடுத்தது; ஆனால் சாறு குழாய்க்குள் கொந்தளித்துப் புரண்டு ஓட வேண்டும், ஓட்டத்தின் கொந்தளிப்பைக் காட்டும் ரெய்னால்ட்ஸ் எண் 2,200க்குக் குறையக் கூடாது என்று நிபந்தனையும் விதித்தது. ஒவ்வொரு துளியும் எப்போதாவது விளக்கின் அருகே வந்தாக வேண்டும் என்பதே அதன் பொருள். 2001இல் அதே நிர்வாகம் கொண்டுவந்த விதியின்படி, எந்த முறையைக் கையாண்டாலும் முக்கியமான நோய்க்கிருமி ஒரு லட்சத்தில் ஒன்றாகக் குறைந்திருக்க வேண்டும். குறைந்ததைத் தயாரிப்பாளர் ஆதாரத்தோடு காட்டவும் வேண்டும்.

இவ்வளவு கெடுபிடிக்குக் காரணம் 1996இல் நடந்தது. ஒட்வாலா என்ற அமெரிக்க நிறுவனத்தின் பாஸ்டுரைஸ் செய்யாத (அதாவது, சூடாக்கிக் கிருமி நீக்காத) ஆப்பிள் சாற்றில் இருந்த ஈ. கோலை ஓ157:எச்7 கிருமியால் அறுபதுக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். கொலராடோவில் ஒரு குழந்தை இறந்தது. புளிப்பில் கிருமி பிழைக்காது என்ற நம்பிக்கையை இந்தக் கிருமி பொய்யாக்கியது. குளிர்பதனப் பெட்டியில் வைத்த ஆப்பிள் சாற்றில்கூட அது வாரக்கணக்கில் உயிரோடிருக்கும். சிறு குழந்தைகளின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யவும் அதனால் முடியும்.

கதிர் பட்ட உணவில் கதிரியக்கம் ஏறிவிடும் என்று வாட்ஸ்அப்பில் பரப்புகிறவர்களுக்கு ஒரே வரி: ஏறாது. புற ஊதாக் கதிர் வெறும் ஒளி. மசாலாப் பொருட்களுக்குப் பயன்படும் கோபால்ட்-60 காமா கதிருக்கும் உணவைக் கதிரியக்கப் பொருளாக மாற்றும் ஆற்றல் கிடையாது. நம் மாம்பழங்கள் 2007 முதல் அமெரிக்காவுக்குப் போவதே காமா கதிர் பட்ட பிறகுதான்.

தயாரிப்பாளர்களே, சிறிய அளவில் தொழில் செய்கிறீர்கள் என்றால் பாலுக்குச் செய்வதுபோல 72 டிகிரி செல்சியஸில் 15 விநாடி பாஸ்டுரைஸ் செய்து, உடனே குளிரவைத்து நிரப்புங்கள். சுவை மாறும் என்ற புலம்பலைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. யூவிதான் வேண்டும் என்றால், உங்கள் சாற்றை, உங்கள் ஓட்ட வேகத்தில், அதே கருவியில் ஓடவிட்டுச் சோதித்த ஆய்வறிக்கையை விற்பவரிடம் கேளுங்கள். தண்ணீருக்கான சான்றிதழை நீட்டினால் வாங்காதீர்கள். அழுகிய பழத்தையும் கழுவாத தோலையும் எந்த விளக்கும் ஈடுகட்டாது. அந்தப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை பார்ப்பவர்களின் கண் எரிவதற்கும் அதே கதிர்தான் காரணம் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

வாங்கிக் குடிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். கைக்குழந்தை, கர்ப்பிணி, முதியவர், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர் ஆகியோருக்கு, பாஸ்டுரைஸ் செய்யாத சாற்றைத் தயவுசெய்து கொடுக்காதீர்கள். கொடுத்தே ஆக வேண்டுமென்றால் ஒரு கொதி வரவைத்து, ஆறவைத்துக் கொடுங்கள். மற்றவர்கள், பழத்தைக் கண்ணெதிரே கழுவி, உடனே பிழிந்து, ஐஸ் போடாமல் தரும் கடையில் குடியுங்கள்.