சளி மாத்திரையும் பந்தயத் தடமும்: மோட்டார் பந்தயங்களில் போதைப்பொருள், ஊக்கமருந்துச் சோதனைகள் குறித்து ஒரு மருத்துவரின் குறிப்பு

1988 பிப்ரவரியில் டேடோனா பந்தயத்தை ஒட்டி, அமெரிக்காவின் கார் பந்தய அமைப்பான நாஸ்காரின் நிர்வாகம் டிம் ரிச்மண்ட் என்ற முன்னணி ஓட்டுநரைச் சோதித்து, தடைசெய்யப்பட்ட பொருள் அவர் உடலில் இருந்ததாக அறிவித்து இடைநீக்கம் செய்தது. மறுசோதனையில் எதுவும் தென்படவில்லை. முதல் சோதனையில் சிக்கியவை, கடையில் யாரும் வாங்கக்கூடிய சூடாஃபெட் என்ற மூக்கடைப்பு மாத்திரையும் அட்வில் என்ற வலி மாத்திரையும்தான் என்பது பிறகு வெளியே வந்தது. ரிச்மண்ட் வழக்குத் தொடர்ந்தார். அது நீதிமன்றத்துக்கு வெளியே முடிந்தது. அவர் மறுபடி நாஸ்கார் பந்தயம் ஒன்றில்கூட ஓட்டவில்லை. 1989 ஆகஸ்டில் எய்ட்ஸ் நோயால் இறந்தார். எதைத் தேடுகிறோம், எந்த அளவுக்கு மேல் இருந்தால் குற்றம், யார் அதை முடிவுசெய்வது என்பவற்றை முன்கூட்டி எழுதி வைக்காமல் நடத்தும் சோதனை ஒரு மனிதரை எப்படி முடக்கிப் போடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் மோட்டார் பந்தய வரலாற்றில் எனக்குத் தெரியவில்லை.

அந்தக் காலத்து நாஸ்கார் விதி, சந்தேகம் எழுந்தால் மட்டுமே சோதிப்பது என்பதாக இருந்தது. அதன் ஓட்டையை வெளிச்சம் போட்டுக் காட்டியவர் ஏரன் ஃபைக் என்ற ஓட்டுநர். 2007 ஜூலையில் ஹெராயினுடன் கைதான அவர், பந்தய நாள்களிலும் அதைப் பயன்படுத்தியே ஓட்டியதாக 2008இல் ஒப்புக்கொண்டார். பக்கத்துக் காரில் வந்தவர்களுக்கு அதுவரை சந்தேகமே எழுந்திருக்கவில்லை. சக ஓட்டுநர்களே கொதித்துப்போய்க் கேட்ட பின்னர், 2009 முதல் முன்னறிவிப்பற்ற சோதனை நடைமுறைக்கு வந்தது. ஓட்டுநர்களோடு, சக்கரம் மாற்றும் பிட் குழுவினரையும் பந்தய அதிகாரிகளையும் அந்த விதி உள்ளே கொண்டுவந்தது. என் பார்வையில் அந்தக் கொள்கையின் மிக முக்கியமான பகுதி இதுவே. செய்தித்தாள்கள் அதிகம் பேசாததும் இதுவே.

காரணம் எளிது. மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் ஒரு நொடியில் ஏறத்தாழ 55 மீட்டர் கடந்துவிடும். வளைவுக்கு அப்பால் ஒரு வண்டி குறுக்கே நிற்பதைக் கண்டு எச்சரிக்கையாக மஞ்சள் கொடியை உயர்த்த வேண்டிய, தடத்தோரம் நிற்கும் பாதுகாப்பு அதிகாரியான மார்ஷலின் கண்ணும் கையும் மந்தமாக இருந்தால், ஓட்டுநர் எவ்வளவு தெளிவாக இருந்தும் பயனில்லை. சக்கர நட்டை இறுக்குபவர், வாகனத்தைத் தணிக்கை செய்பவர், மீட்பு வண்டியில் காத்திருக்கும் மருத்துவர் எல்லாருக்கும் இது பொருந்தும். மருத்துவரை இந்தப் பட்டியலில் வேண்டுமென்றேதான் சேர்த்தேன்.

ஊக்கமருந்துச் சோதனை, ஒருவர் அன்று பணியாற்றும் நிலையில் இருக்கிறாரா என்று பார்க்கும் சோதனை என்ற இரண்டு வகைகளைப் பலர் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். சர்வதேச ஆட்டோமொபைல் கூட்டமைப்பான எஃப்.ஐ.ஏ. பின்பற்றும், உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையான வாடாவின் விதித்தொகுப்பின் மையத்தில் இருப்பவர் போட்டியாளர். சிறுநீரும் ரத்தமும் அவரிடமிருந்துதான் எடுக்கப்படுகின்றன. பயிற்சியாளரும் குழுவினரும் மருந்து கொடுத்தாலோ, மறைக்க உதவினாலோ தண்டிக்கப்படலாம் என்றாலும், மார்ஷல் இன்று கொடி பிடிக்கும் நிலையில் இருக்கிறாரா என்ற கேள்வி அந்தத் தொகுப்பின் வேலையன்று. மதுவை உதாரணமாக எடுத்துக்கொள்ளுங்கள்: 2018இல் வாடா தன் தடைப் பட்டியலிலிருந்து அதை நீக்கி, அந்தப் பொறுப்பை அந்தந்த விளையாட்டுக் கூட்டமைப்புகளிடம் விட்டுவிட்டது. ஊக்கமருந்துச் சோதனை இருக்கிறது என்பதாலேயே மூச்சுச் சோதனையும் இருக்கிறது என்று ஒரு போட்டி ஏற்பாட்டாளர் நிம்மதியாக இருக்க முடியாது; அதற்குத் தனி விதியும், தனிக் கருவியும், காலையில் அதை எடுத்துக்கொண்டு நிற்க ஓர் ஆளும் வேண்டும்.

இந்த இடைவெளி என் மேசைக்கு வருவது மாத்திரை அட்டை வடிவில். கோவை செட்டிபாளையத்தில் உள்ள 'கரி' பந்தயத் தடத்திலும் சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையிலும் ஓட்டும் இளைஞர்கள் சிலர் என்னிடம் வருவதுண்டு. "டாக்டர், இது சும்மா சளி மாத்திரைதானே, நாளைக்குக் காலையில் தகுதிச் சுற்று இருக்கிறது, போட்டுக்கொள்ளலாமா?" என்று கேட்டு நீட்டும் அட்டையின் பின்புறத்தைத் திருப்பிப் பார்த்தால், பெரும்பாலும் பாராசிட்டமால், ஃபினைலெஃப்ரின், குளோர்ஃபெனிரமின் என்று மூன்று பெயர்கள் இருக்கும். இவற்றில் எதுவும் வாடா பட்டியலில் இல்லை. ஆனால் மூன்றாவது மருந்து தூக்கம் வரவழைக்கும். எதிர்வினை வேகத்தைக் குறைக்கும். சோதனையில் தேறிவிடுவார், முதல் வளைவில் தேறுவாரா என்பதுதான் என் கவலை. சூடாஃபெட்டில் இருக்கும் சூடோஎஃபெட்ரின் நேர்மாறானது: அது விழிப்பைக் கூட்டும், ஆனால் போட்டிக் காலத்தில் சிறுநீரில் மில்லிலிட்டருக்கு 150 மைக்ரோகிராமைத் தாண்டினால் மீறலாகிவிடும். 2004 முதல் 2009 வரை அது பட்டியலிலேயே இல்லை. 2010இல் மறுபடி வந்தது. நேற்று சரியாக இருந்த மருந்து இன்றும் சரி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

நம் ஊரில் சர்வசாதாரணமாக எழுதப்படும் வேறு சில மருந்துகளையும் இங்கே சொல்ல வேண்டும். கைநடுக்கத்துக்கும் ஒற்றைத் தலைவலிக்கும் கொடுக்கும் புரோப்ரனலால், பீட்டா பிளாக்கர் வகையைச் சேர்ந்தது. கையை நிதானப்படுத்தும் என்பதால் எஃப்.ஐ.ஏ. கார் பந்தயங்களில் போட்டிக் காலத்தில் தடைசெய்யப்பட்டது. எலும்பு முறிவுக்குப் பின் வலிக்குக் கொடுக்கும் டிரமடால், 2024 ஜனவரி 1 முதல் போட்டிக் காலத் தடைக்குள் வந்துவிட்டது. ஒவ்வாமைக்கு இடுப்பில் போடும் ட்ரையாம்சினலோன் என்ற ஸ்டீராய்டு ஊசி 60 நாள்வரை உடலில் தங்கிக் காட்டிக்கொடுக்கக்கூடும். இவ்வகை (குளுக்கோகார்டிகாய்டு) ஸ்டீராய்டு ஊசிகள் அனைத்தும் 2022 முதல் போட்டிக் காலத்தில் தடைசெய்யப்பட்டவை. பொதுவாகப் போட்டிக் காலம் என்பது பந்தயத்துக்கு முந்தைய நாள் இரவு 11.59க்கே தொடங்கிவிடுகிறது. நீங்கள் பந்தய ஓட்டுநர் என்பதைச் சொல்லாவிட்டால், இவற்றை எழுதும் மருத்துவருக்கு அது தெரிய வழியில்லை.

மருந்து உண்மையாகவே தேவைப்பட்டால் வழி இருக்கிறது: சிகிச்சைக்கான விலக்கு அனுமதி. நம் நாட்டில் தேசிய அளவில் ஓட்டுபவர்கள் அதை தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமையான நாடாவிடம் முன்கூட்டியே விண்ணப்பித்துப் பெற வேண்டும். இதை அலட்சியம் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு மோட்டோகிராஸ் வீரர் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டின் கதை போதும். கவனக்குறைவுக் கோளாறுக்கு மருத்துவர் எழுதிக் கொடுத்த, ஆம்ஃபெட்டமின் அடங்கிய ஆடரால் மாத்திரையை அவர் சாப்பிட்டு வந்தார். விலக்கு அனுமதி வாங்கி வைத்திருக்கவில்லை. 2014 ஏப்ரலில் சியாட்டில் பந்தயத்தில் எடுத்த மாதிரியில் ஆம்ஃபெட்டமின் தெரிந்தது. 16 மாதத் தடை. நாஸ்காரின் ஏ.ஜே. ஆல்மெண்டிங்கர் 2012 ஜூலையில் அதே வகைப் பொருளால் இடைநீக்கமானபோது, தெரியாமல் அம்மாத்திரையை உட்கொண்டதாகச் சொன்னார். ஆனாலும் நிர்வாகம் வகுத்த மறுவாழ்வுத் திட்டத்தை ஏற்று முடித்து, செப்டம்பரிலேயே அனுமதி திரும்பப் பெற்றார். 2014இல் வாட்கின்ஸ் கிளென் தடத்தில் வென்றும் காட்டினார். 2009இல் மெத்தாம்ஃபெட்டமின் பயன்படுத்தியதாக இடைநீக்கமான ஜெரமி மேஃபீல்டு அதை மறுத்து நீதிமன்றம் சென்றார்; வழக்கு தள்ளுபடியானது, அவருடைய நாஸ்கார் வாழ்வும் அத்துடன் முடிந்தது. யார் சொன்னது உண்மை என்று தீர்ப்பெழுத நான் வரவில்லை. ஆனால் திரும்பி வரும் வழியைத் தண்டனையோடு சேர்த்தே எழுதி வைத்திருக்கும் விதி, ஒளித்துவைப்பதைவிட ஒப்புக்கொள்வதை எளிதாக்குகிறது என்பது என் கருத்து.

மாதிரி கொடுக்கும் அறையில் செய்யக்கூடிய சில காரியங்களும் உண்டு. சோதனைக்கான கலனைத் தேர்ந்தெடுப்பது ஓட்டுநரின் உரிமை. சிறுநீரை 'ஏ', 'பி' என்ற இரு குப்பிகளில் அவர் கண்முன்னே பிரித்து மூடுவார்கள். குப்பிகளில் உள்ள எண்ணும் படிவத்தில் எழுதிய எண்ணும் ஒன்றாக இருக்கின்றனவா என்று நிதானமாகப் பார்த்த பிறகே கையெழுத்திட வேண்டும். அண்மையில் உட்கொண்ட மருந்துகளையும் சத்துப் பொடிகளையும் எழுதும் கட்டம் அதே படிவத்தில் இருக்கும். ஒன்றுவிடாமல் எழுதுங்கள். எழுதிவிட்டதாலேயே தடைசெய்யப்பட்ட மருந்து அனுமதிக்கப்பட்டதாகிவிடாது. அந்த அனுமதியை அறைக்குள் நுழைவதற்கு முன்பே வாங்கியிருக்க வேண்டும்.

அதிகாரிகளுக்கு இத்தகைய படிவம் எதுவும் வைக்காத போட்டிகளில்கூட ஒன்றைச் செய்யலாம். காலைக் கூட்டத்தில் தலைமை அதிகாரி, தூக்கம் தரும் மாத்திரை போட்டிருப்பவர்கள் தயங்காமல் தனியே வந்து சொல்லலாம் என்று அறிவித்து, அப்படிச் சொல்பவரைக் கொடிமுனையிலிருந்து மாற்றி அன்று காகித வேலையில் அமர்த்தலாம். பெயரை ஒலிபெருக்கியில் சொல்லாமல் இருந்தால், அடுத்த போட்டியிலும் வந்து சொல்வார்கள்.