மோட்டாருக்குள்ளே கறுப்பு டேப் வேண்டாம்

கடலூர் முதுநகர்ப் பக்கம் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். போன மாதம் குறிஞ்சிப்பாடியிலிருந்து ஒருவர் பழைய 5 எச்.பி. மோனோபிளாக்கை (மோட்டாரும் பம்பும் ஒன்றாகச் சேர்ந்தது) கொண்டுவந்து இறக்கினார். "அண்ணே, ஓடுது, ஆனா கை வச்சா சுர்ருங்குது" என்றார். ஓடுகிறதே என்று ஒரு வாரம் அப்படியே தண்ணீர் இறைத்திருக்கிறார், ஈரத்தில் வெறுங்காலோடு. எர்த் கம்பி எப்போதோ அறுந்துவிட்டதாம். உயிரோடு வந்தாரே என்று இருந்தது எனக்கு.

பிரித்தால் காயில் நன்றாகத்தான் இருக்கிறது. வெளியிலிருந்து கரண்ட் கொண்டுவரும் லீட் ஒயரைக் காயில் கம்பியோடு சேர்த்த ஒரு ஜாயின்ட்டில்தான் வினை. முன்பு வேலை பார்த்தவர் செம்புக் கம்பி மேல் இருக்கும் எனாமல் பூச்சை அரைகுறையாகச் சுரண்டி, ஈயம் வைக்காமல் வெறுமனே முறுக்கி, ஸ்விட்ச் போர்டுக்குச் சுற்றும் கறுப்பு பிவிசி டேப்பை நாலு சுற்று சுற்றி முடித்திருக்கிறார். அது வெல்லப்பாகு மாதிரி இளகி நழுவி, செம்பு, காயில் உட்கார்ந்திருக்கும் ஸ்டேட்டர் இரும்பைத் தொட்டுக்கொண்டு கிடந்தது.

சாதாரண பிவிசி டேப் சுமார் 80 டிகிரி வரைக்கும்தான் தாங்கும். காயிலின் இன்சுலேஷனைச் சூடு தாங்கும் அளவை வைத்துக் கிளாஸ் பிரிப்பார்கள்; பி கிளாஸ் காயில் 130 டிகிரி வரை போகலாம் என்று கணக்கு, எஃப் கிளாஸ் என்றால் 155. இதில் ஜாயின்ட் வேறு தளர்வாக இருந்தால் அதுவே ஒரு ஹீட்டர்: 7.5 ஆம்பியர் ஓடும்போது 0.2 ஓம் தடை இருந்தாலே 11 வாட் சூடு, அதுவும் விரல்நுனி அளவு இடத்தில். பசை உருகி விலகினால் அந்த இடுக்கில் நம்ம ஊர் உப்புக்காற்று புகுந்துவிடும், உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், செம்பு பச்சை பூக்கும்.

சரி, எப்படிச் செய்ய வேண்டும்? எனாமல் போய்ச் செம்பு பளிச்சென்று தெரியும்வரை சுரண்டி, இறுக்கி முறுக்கி, ரோசின் (பற்றவைக்க உதவும் பிசின்) வைத்து ஈயம் உள்ளே இறங்கப் பற்றவைக்க வேண்டும். ஆசிட் பேஸ்ட் வேண்டவே வேண்டாம், அது இருந்து அரிக்கும். முனை குத்தாமல் மழுக்கிவிட்டு, இரண்டு பக்கமும் ஓர் அங்குலம் தாண்டுகிற மாதிரி ஃபைபர்கிளாஸ் ஸ்லீவ் (குழாய் மாதிரி உறை) ஏற்றி, காயிலோடு சேர்த்து நூலால் அசையாமல் கட்டி, அப்புறம் வார்னிஷ் ஊற்றிச் சூடு காட்ட வேண்டும். ஸ்லீவை முறுக்குவதற்கு முன்பே ஒயரில் கோத்து வைக்க மறந்துவிட்டு, கடைசியில் டேப்பைத் தேடுகிறவர்கள்தான் பாதிப் பேர். நானும் தொழில் பழகும்போது மறந்திருக்கிறேன்.

போர்வெல்லுக்குள் தண்ணீரில் மூழ்கி ஓடும் சப்மெர்சிபிள் மோட்டாரின் கேபிள் ஜாயின்ட் வேறு கதை. அங்கே மூன்று கம்பியையும் ஒரே இடத்தில் சேர்க்காமல் தள்ளித் தள்ளிச் சேர்த்து, ரப்பர் டேப்பை நன்றாக இழுத்து, பாதிக்குப் பாதி ஏறுகிற மாதிரி சுற்றி, அதற்கு மேலேதான் பிவிசி டேப். குழாயில் இறக்கும் முன் அந்த ஜாயின்ட்டை ஒரு பக்கெட் தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறவிட்டு, ஊறும்போதே 500 வோல்ட் மெகர் (இன்சுலேஷன் தடையை அளக்கும் மீட்டர்) வைத்துத் தண்ணீருக்கும் கம்பிக்கும் நடுவே பார்க்கச் சொல்லுங்கள். முள் இறங்கினால் அங்கேயே பிரித்துச் சுற்றிவிடலாம், 200 அடி குழாயைத் திரும்ப ஏற்றுகிற கூலியாவது மிச்சம்.