பழைய ஜீப்புக்கு வேறு எஞ்சின்: குதிரைசக்திக்கு முன் பற்களை எண்ணுங்கள்

மதுரையைச் சுற்றியுள்ள மலையடிவாரங்களில், சிறுமலைப் பக்கமானாலும் போடிப் பக்கமானாலும், பழைய ஜீப்புகள் இன்னும் சுமை ஏற்றுகின்றன. முகப்பைப் பார்த்தால் வில்லிஸ், அதாவது ஜீப்பின் மூல அமெரிக்க நிறுவனத்தின் வடிவம். பானெட்டைத் திறந்தால் வேறொரு காலத்து எஞ்சின் இருக்கும். பெட்ரோல் செலவு கட்டுப்படியாகாமல் டீசலுக்கு மாற்றியவர்கள் ஒரு தலைமுறை. அதே வண்டிக்குப் பழைய பெட்ரோல் எஞ்சினைத் தேடிப் பிடித்துத் திரும்பப் பொருத்த விரும்புகிறவர்கள் அடுத்த தலைமுறை. இரு சாராரும் முதலில் கேட்பது, “எத்தனை குதிரைசக்தி?” என்றுதான். “நிமிடத்துக்கு எத்தனை சுற்றில்?” என்ற கேள்விதான் முதலில் வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எஞ்சினை மாற்றும்போது நாம் உண்மையில் மாற்றுவது சுழலும் வேகத்தை. மற்ற சிக்கல்களில் பெரும்பாலானவை அங்கிருந்தே கிளைக்கின்றன.

மகிந்திரா நிறுவனம் உரிமம் பெற்று இங்கே தயாரித்த சி.ஜே-3பி ஜீப்பின் சொந்த எஞ்சினையே எடுத்துக்கொள்வோம். 2,199 சிசி, நான்கு சிலிண்டர், பெட்ரோல். காற்றும் பெட்ரோலும் நுழையும் வால்வு மேலே, சிலிண்டரை மூடும் ஹெட்டில் இருக்கும். புகை வெளியேறும் வால்வு பக்கவாட்டில் பிளாக்குக்குள் இருக்கும். இந்த அமைப்பால் எஞ்சினின் உயரம் கூடியது. சி.ஜே-3பியின் பானெட் முந்தைய ஜீப்புகளைவிட உயர்ந்து நிற்பதற்குக் காரணம் அதுதான். சிலிண்டரின் விட்டம் 79 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமோ 111 மில்லிமீட்டர்.

பின்னாளில் மகிந்திரா ஜீப்புகளில் வந்த பெஜோ டீசல் எஞ்சினை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2,112 சிசி, கொள்ளளவில் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் விட்டம் 90, ஏற்ற இறக்கம் 83. நிமிடத்துக்கு 4,000 சுற்றில் வில்லிஸ் பிஸ்டன் சராசரியாக விநாடிக்கு 14.8 மீட்டர் வேகத்தில் ஓட வேண்டியிருக்கிறது. பெஜோ பிஸ்டனுக்கு 4,500 சுற்றிலும் 12.5 மீட்டர்தான். பெட்ரோல் என்றால் வேகமாகச் சுழலும், டீசல் என்றால் மெதுவாகச் சுழலும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட முடியாது.

டீசல் வேகமாகச் சுழலத் தடையாக இருப்பது, எரிவதற்கு அது கேட்கும் நேரம். பீய்ச்சிய பிறகுதான் டீசல் காற்றோடு கலக்கத் தொடங்குகிறது. பெஜோ எஞ்சின் டீசலை நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சாமல், ஹெட்டிலுள்ள சிறிய சுழல் அறையில் பீய்ச்சுகிறது. அங்கே காற்று சுழன்றடிப்பதால் கலவை விரைவாக உருவாகிறது. அந்த அறையின் சுவர் வெப்பத்தை உறிஞ்சிவிடுவதால், குளிர்ந்த எஞ்சினைக் கிளப்ப ஹீட்டர் பிளக் தேவைப்படுகிறது. மகிந்திராவின் 2,523 சிசி எஞ்சின் வேறு வகை. சிலிண்டருக்குள்ளேயே நேரடியாகப் பீய்ச்சுவது, எரிபொருளில் சிக்கனமானது, உச்சத் திறனைச் சுமார் 3,200 சுற்றிலேயே தந்துவிடும். அதற்கு மேல், சுற்றைக் கட்டுப்படுத்தும் கவர்னர் டீசலைக் குறைத்துவிடும்.

இப்போது கணக்குக்கு வருவோம். வில்லிஸ் ஆக்சிலின் பெரிய பற்சக்கரமான கிரவுனில் 43 பற்கள், அதைச் சுழற்றும் சிறிய பற்சக்கரமான பினியனில் 8. விகிதம் 5.38. 6.00-16 டயர் ஒரு சுற்றில் ஏறக்குறைய 2.2 மீட்டர் உருளும். மேல் கியரில் பெட்ரோல் எஞ்சின் 4,000 சுற்றைத் தொடும்போது வண்டி மணிக்கு 98 கிலோமீட்டர் போகும். அதே ஆக்சிலோடு 3,200 சுற்று டீசலைப் பூட்டினால் 78-இல் எஞ்சின் கத்தத் தொடங்கிவிடும். குதிரைசக்தி குறையவில்லை, பற்கள்தான் பொருந்தவில்லை.

47-க்கு 11 பற்கள், அதாவது 4.27 விகிதமுள்ள கிரவுன் பினியனைப் போட்டால் வேகம் 99-க்குத் திரும்பிவிடும். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் லோ ரேஞ்சில், முதல் கியரில் எஞ்சின் 37 சுற்று சுற்றினால்தான் சக்கரம் ஒரு சுற்று சுற்றும் என்பது பழைய நிலை. இப்போது 29 சுற்றே போதும். பாறையில் ஊர்ந்து ஏறும் வலிமையில் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. நெடுஞ்சாலையில் ஓடும் வண்டியா, தோட்டத்துக்குப் போகும் வண்டியா என்பதை உரிமையாளர் இங்கேயே முடிவு செய்தாக வேண்டும். மலைத்தோட்டத்து வண்டியென்றால் நான் 5.38-ஐத் தொட மாட்டேன். மாற்றுவதாக இருந்தால் முன், பின் இரண்டு ஆக்சிலையும் சேர்த்தே மாற்ற வேண்டும். விகிதம் வேறுபட்டால், நான்கு சக்கர இயக்கத்தில் தார்ச்சாலையில் முன்னும் பின்னும் ஒன்றையொன்று முறுக்கிக் கியரை உடைத்துவிடும்.

எஞ்சினையும் கியர் பாக்ஸையும் இணைக்கும் தட்டைப் பற்றிப் பலர் பேசுவதே இல்லை. பட்டறையில் நல்ல டர்னரின் அருமை இங்கேதான் தெரியும். கியர் பாக்ஸிலிருந்து முன்னோக்கி நீளும் ஷாஃப்டின் நுனி, பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்கின் முனையில், அதைத் தாங்கும் பைலட் புஷ் என்ற வளையத்தில் உட்காருகிறது. இரண்டின் மையமும் ஒரே கோட்டில் அமைய வேண்டும். 0.2 மில்லிமீட்டர் விலகினாலும், 3,000 சுற்றில் அந்த ஷாஃப்ட் விநாடிக்கு 50 முறை வளைக்கப்படுகிறது. பிறகு புஷ் தேயும், கிளட்ச் முழுமையாக விடாது, கியர் தானாகக் கழன்று விழும். பழி கியர் பாக்ஸ் மேல் விழும். கிராங்கோடு சுழலும் ஃப்ளைவீலில், நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் டயல் கேஜைப் பொருத்தி, கியர் பாக்ஸ் அமரும் ஹவுசிங் துளையின் உட்சுவரைத் தொடவைத்துக் கிராங்கை ஒரு சுற்று சுற்றினால் பிசகு தெரிந்துவிடும். முள் காட்டும் மொத்த அசைவில் பாதியே மையப் பிசகின் அளவு. சரிசெய்த பிறகு, இடம் நகராமல் பிடிக்கும் டவல் பின் அடித்து நிலைநிறுத்த வேண்டும். போல்ட் மட்டும் மையத்தைக் காக்காது.

அடுத்தது அதிர்வு. நான்கு சிலிண்டர் எஞ்சினில் ஒரு சுற்றுக்கு இரண்டு வெடிப்பு. 750 சுற்று ஐடிலிங்கில் விநாடிக்கு 25 துடிப்பு. ரப்பர் மவுண்டிங் மேல் அமர்ந்த எஞ்சினுக்கென்று ஓர் இயல்பு அதிர்வெண் உண்டு, அதாவது தட்டிவிட்டால் தானாக விநாடிக்கு எத்தனை முறை ஆடும் என்பது. துடிப்பு அதைப் போல் 1.4 மடங்கைத் தாண்டினால்தான் ரப்பர் அதிர்வைத் தடுக்கும், குறைந்தால் பெருக்கிவிடும். எனவே அந்த இயல்பு அதிர்வெண் 17-க்குக் கீழே இருக்க வேண்டும். கனமான டீசல் எஞ்சின் நசுங்காமல் இருக்கட்டும் என்று கெட்டியான ரப்பரைப் போடுவது வழக்கம். அந்தக் கெட்டித்தனமே அதிர்வெண்ணை உயர்த்தி, ஸ்டீயரிங் வரை நடுக்கத்தைக் கொண்டுவந்து சேர்க்கிறது.

காகித வேலையும் உண்டு. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இத்தகைய மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது. எஞ்சினை விலைபேசும் முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அனுமதி பற்றிக் கேட்டுவிடுங்கள்.

ஏறுவதைவிட இறங்குவதில்தான் எனக்குக் கவலை அதிகம். பெட்ரோல் எஞ்சினில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் காற்றுவழி மூடி, பிஸ்டன்கள் வெற்றிடத்தை இழுத்துப் போராடும், வண்டி மட்டுப்படும். பழைய டீசலில் காற்றுவழியை மூடும் தகடு பெரும்பாலும் இல்லை. அழுத்தப்பட்ட காற்று, பிஸ்டன் இறங்கும்போது விரிந்து, வாங்கிய ஆற்றலில் பெரும்பகுதியைத் திருப்பித் தந்துவிடுகிறது. அமுக்கம் அதிகம், அதனால் வண்டியை இழுத்துப் பிடிக்கும் என்ற நம்பிக்கையில் பாதிக்கு மேல் உண்மையில்லை. மிதிக்கும் விசையை வெற்றிடத்தால் பெருக்கும் பிரேக் பூஸ்டர் வைத்தாலும், அதற்கு வெற்றிடம் தர ஆல்டர்னேட்டரோடு சேர்ந்த பம்ப் தனியாக வேண்டும். வில்லிஸின் 9 அங்குல டிரம் பிரேக்குகள் பூஸ்டர் இல்லாத காலத்தவை. முன்பக்கம் கூடியிருக்கும் டீசல் எஞ்சினின் எடையை எதிர்பார்த்துச் செய்யப்பட்டவை அல்ல. சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளைச் சுமையோடு இறங்கப்போகும் ஜீப்புக்கு, எஞ்சின் வாங்க வைத்திருக்கும் பணத்தில் பெரிய டிரம்முக்கும் புதிய லைனிங்குக்கும் முதலில் ஒதுக்கிவிட்டு, மிச்சத்துக்கு ஏற்ற எஞ்சினைப் பாருங்கள்.