காரீயச் சிப்பாய்களுக்குப் பிளைவுட் பெட்டி வேண்டாம்

மூன்று வருடங்களுக்கு முன்னால், ஐப்பசி மழை விட்ட ஒரு காலையில், மதுரை திருப்பாலையிலிருந்து ஒரு பெரியவர் போன் செய்தார். அவர் வீட்டுப் பழைய காரீயச் சிப்பாய் பொம்மைகளைக் காட்சிக்கு வைக்க நான்தான் ஒரு கண்ணாடிப் பெட்டி செய்து கொடுத்திருந்தேன். “தம்பி, நீங்க செஞ்சு குடுத்த பெட்டிக்குள்ள சிப்பாய்ங்க மேல திருநீறு கொட்டுன மாதிரி இருக்கு. கொஞ்சம் வந்து பாருங்க.”

போய்க் கண்ணாடியைத் திறந்ததும் முகத்தில் அடித்தது வினிகர் வாடை. குதிரைவீரன் ஒருவனை எடுத்துத் திருப்பினேன். குதிரையின் வயிற்றில் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பி, அதற்குள்ளிருந்து வெள்ளைப் பொடி உதிர்ந்தது. பின்னங்கால் ஒன்று லேசாகத் தொட்டதற்கே ஒடிந்து உள்ளங்கையில் விழுந்தது. அவருடைய தாத்தா ரங்கூனிலிருந்து கொண்டுவந்த பொம்மைகள் அவை. ஏறக்குறைய நூறு வருடம் தகர டப்பாவில் கிடந்தபோது ஒன்றும் ஆகவில்லை. நான் செய்த பெட்டியில் இரண்டு மழைக்காலம் தாங்கவில்லை.

அந்தப் பெட்டிக்காக நான் நிறையவே மெனக்கெட்டிருந்தேன். கீழக்குயில்குடி சமணர் மலை அடிவாரத்தை அப்படியே கொண்டுவர வேண்டும் என்று பாறை, தாமரைக் குளம் எல்லாம் வைத்தேன். பொம்மை 54 மி.மீ. உயரம் என்றால் கணக்கு 32-க்கு 1. அதன்படி 15 மீட்டர் பனைமரம் 47 செ.மீ. வர வேண்டும். பலரும் பனையைச் சிப்பாயின் இரண்டு மடங்கு உயரத்தில் நட்டுவிட்டு, காட்சி ஏன் ஒட்டவில்லை என்று தவிப்பார்கள். அதிலெல்லாம் நான் கவனமாக இருந்தேன். பெட்டி மட்டும் பிளைவுட், அடிப்பலகை மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப்., கண்ணாடி ஒட்டியது சாதாரண சிலிக்கான் பசையால். தூசி போகாதபடி இறுக்கி அடைத்தும் கொடுத்தேன். கெடுதல் அங்கேதான் நடந்தது.

மரமும் மரப்பலகைகளும் அசிட்டிக் அமில ஆவியைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளிவிட்டுக்கொண்டே இருக்கும். வினிகரில் இருப்பதும் அதே அமிலம்தான். எம்.டி.எஃப்., பிளைவுட் இரண்டிலும் இது அதிகம். சாதாரண சிலிக்கான் காயும்போது வருகிற புளித்த வாடையும் இதுவே. இறுக்கி மூடிய பெட்டிக்குள் இந்த ஆவி தங்கி, மழைக்கால ஈரத்தோடு சேர்ந்து காரீயத்தை அரிக்கும். பிறகு காற்றிலுள்ள கரியமில வாயு சேர்ந்து வெள்ளைப் பொடியாகும். அப்போது அமிலம் மறுபடி விடுபட்டு அடுத்த பொம்மையைப் பிடிக்கும். ஒரு பொம்மையில் பொடி தெரிந்தால் பெட்டி முழுக்க ஆபத்து என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

“ஈயச்சொம்புல ரசம் வைக்கிறோமே, ஈயம் எப்படிங்க கெடும்?” என்று பெரியவரின் மருமகள் கேட்டார். நியாயமான கேள்வி. ரசச் சொம்பு செய்வது வெள்ளீயத்தில். இந்தப் பொம்மைகள் காரீயம். பேச்சில் இரண்டையும் ஈயம் என்றே சொல்வதால் வரும் குழப்பம் இது. லண்டனில் பிரிட்டன்ஸ் நிறுவனம் 1893-இல் உள்ளே கூடாக வார்த்த காரீயச் சிப்பாய்களைக் கொண்டுவந்தது. 1966 வரை காரீயச் சிப்பாய்களைச் செய்தார்கள். உங்கள் வீட்டுப் பரணில் அந்தக் காலத்துச் சிப்பாய் இருந்து, அளவுக்கு மீறிய கனமாகத் தெரிந்தால், காரீயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் சிப்பாய்களுக்கு இந்த அரிப்புப் பயம் இல்லை.

அந்த மருமகள் இன்னொன்றும் செய்திருந்தார். பித்தளை விளக்கைத் தேய்ப்பதுபோல இரண்டு பொம்மைகளைப் புளி போட்டுத் தேய்த்திருந்தார். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். புளியின் அமிலமும் காரீயத்தை அரிக்கும். பொம்மையில் உதிரும் அந்த வெள்ளைப் பொடி காரீய விஷம். ஊதக் கூடாது, உலர்ந்த பிரஷ்ஷால் தட்டக் கூடாது. கையுறை போட்டு, பொம்மையைத் தனி பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றி, பெட்டிக்குள் கொட்டிக் கிடப்பதை ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, துணியையும் கட்டிப் போட்டுவிடுங்கள். சமையல் மேடையில் வைத்து இந்த வேலை வேண்டவே வேண்டாம். விரலை வாயில் வைக்கும் வயதுப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில், பொடி இல்லாத காரீயப் பொம்மையைக்கூட எட்டாத உயரத்தில் பூட்டித்தான் வைக்க வேண்டும்.

கொலு சமயத்தில் எனக்குக் கூடுதல் கவலை. விளாச்சேரி மண் பொம்மைகளோடு தாத்தா காலத்துச் சிப்பாய்களையும் பார்க்கில் நிறுத்துவார்கள். பக்கத்திலேயே கடுகும் வெந்தயமும் முளைக்கிற ஈர மண். முடிந்ததும் செய்தித்தாளில் சுற்றி மரப்பெட்டிக்குள் போட்டுவிடுவார்கள். மண் பொம்மை அப்படிப் பல வருடம் வாழும், காரீயம் வாழாது. பார்க்குக்குப் பிளாஸ்டிக் சிப்பாய்களே போதும்.

இப்போது நான் காரீயத்துக்குச் செய்வது இப்படி. அடியில் பவுடர் கோட்டிங் செய்த இரும்புத் தட்டு, மேலே அக்ரிலிக் அல்லது கண்ணாடி. ஒட்டுவதற்கு ‘நியூட்ரல்’ என்று டியூபில் போட்டிருக்கும் சிலிக்கான். மண்ணை நன்றாக அலசி, வாணலியில் வறுத்து, ஆறவைத்துச் சலித்துக்கொள்வேன். பாறைக்குத் தெர்மோகோல். அதன்மேல் நேராக ஸ்ப்ரே பெயிண்ட் அடித்தால் கரைந்து குழி விழும், முதலில் ஃபெவிகாலும் மண்ணும் கலந்து ஒரு பூச்சு வேண்டும். சூடான கம்பியில் தெர்மோகோல் அறுக்கும் புகை நெஞ்சுக்குக் கெடுதல், அதை மொட்டைமாடியில்தான் செய்கிறேன். ஃபெவிகாலும் பெயிண்டும்கூட காயும்போது ஆவி விடும் என்பதால் காட்சி முடிந்த பிறகு ஒரு மாதமாவது திறந்தே கிடக்கட்டும். சிப்பாய்களின் கால் நேராக மண்ணில் பட வேண்டாம். காலடியில் சின்ன அக்ரிலிக் வில்லை ஒன்று போதும், அதன் ஓரத்தில் கொஞ்சம் மண் தூவினால் கண்ணுக்கே தெரியாது.

ஏற்கெனவே பிளைவுட் பெட்டி வைத்திருப்பவர்கள் இன்றைக்கே கண்ணாடியைத் திறந்து மோந்து பாருங்கள். வாடை இல்லையென்றாலும் பொம்மைகளின் அடியையும் குதிரைகளின் வயிற்றையும் டார்ச் அடித்துப் பாருங்கள், பொடி முதலில் அங்கேதான் எனக்குத் தென்பட்டிருக்கிறது.

திருப்பாலைப் பெரியவருக்குப் பெட்டியைக் காசு வாங்காமல் புதிதாகச் செய்து கொடுத்தேன். இருபத்து நான்கு பேரில் பதினேழு பேர் தேறினார்கள். கால் ஒடிந்த குதிரையை அவர் தூக்கிப் போட மனமில்லாமல், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு தனி டப்பாவில் மூடி, அலமாரியின் மேல்தட்டில் வைத்திருக்கிறார்.