எம்டன் மாலுமியின் சிலுவையா? பழைய ஜெர்மன் பதக்கம் வாங்கும் முன்

பழைய பதக்கங்களை மதிப்பிடுவது என் தொழில். இரும்புச் சிலுவை என்ற ஜெர்மன் போர்ப் பதக்கம் ஒன்றின் படத்தை அனுப்பி, "இது எம்டன் கப்பல் மாலுமியுடையதாம், எவ்வளவு கொடுக்கலாம்?" என்று கேட்பவர்கள் அதிகம். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகள் மேல் குண்டு போட்ட ஜெர்மன் போர்க்கப்பல் என்பதால், அந்தப் பெயரைச் சொன்னாலே நம் ஆட்களிடம் விலை ஏறிவிடுகிறது. விற்பவருக்கும் அது தெரியும். எம்டனில் இருந்தவர்கள் பலருக்கு இரும்புச் சிலுவை கிடைத்தது உண்மைதான். ஆனால் உங்கள் கையில் இருக்கும் சிலுவை அவர்களில் ஒருவருடையது என்று எதை வைத்துச் சொல்வது?

பிரிட்டிஷ் பதக்கங்களைப் பார்த்துப் பழகியவர்கள் சறுக்குவது இங்கேதான். முதல் உலகப்போரின் பிரிட்டிஷ் பதக்கத்தில் விளிம்பைத் திருப்பினால் சிப்பாயின் எண், பெயர், படைப்பிரிவு எல்லாம் பொறித்திருக்கும். ஜெர்மன் அரசு இரும்புச் சிலுவையில் யார் பெயரையும் பொறித்துக் கொடுக்கவில்லை. முதல் உலகப்போருக்கான 1914 வகையில், கீழ்ப்படியான இரண்டாம் வகுப்புச் சிலுவையே சுமார் 50 லட்சம் பேருக்கு வழங்கப்பட்டது. அதனால் கதையை ஓரமாக வைத்துவிட்டு முதலில் உலோகத்தைப் பாருங்கள், உலோகம் சரியாக இருந்தால் அந்த உலோகத்துக்கு மட்டும் விலை கொடுங்கள், கதைக்குத் தனி விலை கேட்டால் தனி ஆதாரம் கேளுங்கள்.

பிரஷ்யா என்ற அன்றைய ஜெர்மன் நாட்டின் மன்னர் மூன்றாம் ஃப்ரெடெரிக் வில்லியம் 1813 மார்ச்சில் ஏற்படுத்திய விருது இது. 1870, 1914, 1939 என்று மூன்று முறை புதுப்பிக்கப்பட்டது. 1914 இரண்டாம் வகுப்பில் ஒரு பக்கம் கிரீடம், W எழுத்து, 1914. மறுபக்கம் ஓக் இலைகள், FW எழுத்துகள், 1813. 1914 சிலுவையில் 1813 எப்படி வந்தது, இது போலியா என்று பயப்பட வேண்டாம், 1813 என்பது விருது தொடங்கிய ஆண்டு. அளவு சுமார் 42 மி.மீ.

இனி லூப் என்ற சிறு உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்துக்கொள்ளுங்கள், பத்து மடங்கு பெருக்கிக் காட்டுவது போதும். நல்ல சிலுவை மூன்று துண்டுகளால் ஆனது: நடுவில் கறுப்படித்த இரும்புத் தகடு, அதை முன்னும் பின்னும் கவ்விப் பிடிக்கும் இரண்டு வெள்ளி ஃபிரேம்கள். இரண்டு ஃபிரேமும் சேரும் பற்றவைப்புக் கோடு வெளி விளிம்பில் ஓடும். அதை அரம் போட்டு மறைத்திருப்பார்கள், ஆனாலும் கைகள் பிரியும் உள்மூலைகளில் அரம் போகாது, அங்கே கோட்டின் தடம் கிடைக்கும். ஃபிரேமின் உள்பக்கம் நெருக்கமாக நுண்ணிய வரிகள் இருக்கும். அச்சில் அடித்த உண்மையான சிலுவையில் அந்த வரிகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக, மூலை வரை கூர்மையாக நிற்கும். அச்சில் அடிக்காமல் உருக்கி வார்த்த போலியில் அவை தேய்ந்த சோப்பு போல மழுங்கி, இடையிடையே ஊசிமுனை அளவு குழிகளோடு இருக்கும். இந்த ஒரு சோதனையிலேயே மலிவான போலிகளில் பெரும்பங்கு விழுந்துவிடும்.

காந்தத்தை வைத்துப் பார்ப்பது நல்ல பழக்கம், ஆனால் அதையே தீர்ப்பாக எடுக்காதீர்கள். இரும்பு அல்லாத நடுத்தகடு வைத்த உண்மையான சிலுவைகளும் உண்டு, இரும்புத் தகடு வைத்தே செய்யும் கவனமான போலிகளும் உண்டு. வளையத்தில் இருக்கும் தயாரிப்பாளர் முத்திரையும் அப்படித்தான். முத்திரையே இல்லாத அசல் ஏராளம், ஆனால் பஞ்ச் ஒன்று கையில் இருந்தால் எந்த முத்திரையையும் யாரும் அடித்துவிடலாம். நான் முத்திரையைக் கடைசியில்தான் பார்ப்பேன்.

ரிப்பனுக்கு ஒரு புறஊதா டார்ச் போதும். இரண்டாம் உலகப்போருக்குப் பிந்தைய துணிகளில் சேரும் வெளுப்பு ரசாயனம் அந்த வெளிச்சத்தில் நீலவெள்ளையாக ஒளிரும். ரிப்பன் புதிது என்பதால் சிலுவையும் போலி என்று முடிவு கட்டிவிடாதீர்கள், நூறு வருஷத்தில் ரிப்பன் மாறியிருக்கலாம். அது பழைய ரிப்பன் என்று சொல்லி விற்றால் மட்டும் விற்பவரைக் கேள்வி கேளுங்கள்.

பின்பக்கம் ஊசி வைத்த முதல் வகுப்புச் சிலுவையில் சில சமயம் பெயரும் தேதியும் பொறித்திருக்கும். விருது பெற்றவரே பிறகு சொந்தச் செலவில் செய்துகொண்டது அது. போலிக்காரர்களுக்கு மிகவும் பிடித்த இடமும் இதுதான், வெறும் சிலுவையை ஒரே மதியத்தில் "வீரரின் சிலுவை" ஆக்கிவிடலாம். எழுத்தின் பள்ளத்தை லூப்பில் பாருங்கள். சுற்றியுள்ள வெள்ளி கறுத்திருக்கும்போது பள்ளம் மட்டும் பளிச்சென்று இருந்தால் அது நேற்றைய வேலை. செயற்கையாகக் கறுக்கவைப்பவர்களும் இருக்கிறார்கள், அதனால் பள்ளம் கறுப்பாக இருப்பது மட்டுமே நிரூபணம் ஆகாது.

அப்போது நிரூபணம் எது? காகிதம். விருதுச் சான்று, சிப்பாயின் பணி விவரம் எழுதிய ராணுவப் பாஸ் புத்தகத்தில் விருது பற்றிய பதிவு, அதிலுள்ள படைப்பிரிவும் தேதியும் ஒன்றோடொன்று பொருந்துவது. இதிலும் ஒரு சிக்கல் உண்டு. பிரஷ்ய ராணுவத்தின் ஆள்பதிவுகள் 1945 ஏப்ரலில் போட்ஸ்டாம் மேல் நடந்த குண்டுவீச்சில் பெரும்பாலும் எரிந்துவிட்டன. ஜெர்மனியின் தெற்கிலுள்ள பவேரியாவின் வீரர் என்றால் நிலைமை வேறு, அவர்களுடைய ஆள்பதிவேடுகள் மியூனிக்கில் பத்திரமாக இருக்கின்றன, தேடிப் பார்க்கலாம். அதனால்தான், மற்றதெல்லாம் சமமாக இருந்தால், கதையோடு வரும் பவேரிய வீரரின் சிலுவைக்கு நான் அதிக மதிப்பு கொடுப்பேன்.

1939 வகைக்கு வந்தால் இன்னும் ஜாக்கிரதை வேண்டும். நாஜிக் கால விருதுகளுக்குக் கிராக்கி அதிகம், போலியும் அதே அளவுக்கு அதிகம். 1957-இல் மேற்கு ஜெர்மனி சட்டம் போட்டு, ஸ்வஸ்திகா நீக்கிய வடிவத்தை மட்டும் பழைய வீரர்கள் அணியலாம் என்றது. 1939 என்ற ஆண்டோடு நடுவில் ஓக் இலை இருந்தால் அது அந்தப் பிற்கால வடிவம். சட்டப்படி வந்த பொருள்தான், ஆனால் போர்க்காலத்தில் யாரும் அதை அணிந்திருக்க முடியாது. போர்க்கால விலை சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

வாங்கியதைப் பாலிஷ் போடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். நடுத்தகட்டின் பழைய கறுப்பும் வெள்ளியின் மங்கலும்தான் அதன் வயதுக்குச் சாட்சி, ஒரு தேய்ப்பில் இரண்டும் போய்விடும், விலையும் கூடவே போகும். மென்மையான உலர்ந்த பிரஷ் போதும். அப்புறம், பி.வி.சி. பிளாஸ்டிக் உறைகளில் வைக்காதீர்கள், ஈரமில்லாத இடத்தில் அமிலமில்லாத காகிதத்தில் சுற்றி வையுங்கள். ஆன்லைனில் வாங்குவதாக இருந்தால் விளிம்பு, உள்மூலை, வளையம் மூன்றுக்கும் தனித்தனி நெருக்கப் படம் கேளுங்கள். அனுப்பத் தயங்குபவரிடம் பணம் அனுப்பாதீர்கள்.