இடையீடு: சமூகப் பணியில் ஒரு சொல்லும் அதன் முறைகளும்

சிங்கப்பூரின் குடும்பச் சேவை நிலையங்களில் வேலை பார்ப்பவர்கள் ஒரு நாளில் பல தடவை சொல்லும் சொல் ‘இன்டர்வென்ஷன்’. “இந்தக் குடும்பத்துக்கு என்ன இன்டர்வென்ஷன்?” என்றுதான் கூட்டங்களில் பேச்சு ஆரம்பிக்கும். அதையே தமிழில் எழுத வேண்டி வந்தால் பெரும்பாலும் ‘தலையீடு’ என்று போட்டுவிடுகிறோம். அகராதிப்படி சரிதான். ஆனால் 2021ல் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய, வெளிநாட்டுத் தலையீட்டுக்கு எதிரான சட்டத்தைப் பற்றிப் படித்தவர்களுக்குத் தலையீடு என்றால் அழையாமல் உள்ளே நுழைவது. வீட்டுப் பேச்சிலும் அப்படியே. “எங்க குடும்ப விஷயத்துல நீங்க தலையிடாதீங்க” என்று சொல்லும்போது அந்தச் சொல்லில் நல்லெண்ணம் துளியும் இல்லை. ஆங்கிலத்தில் அத்துமீறி நுழைவதற்கு ஒரு சொல், உதவ வருவதற்கு வேறொரு சொல். நாம் இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்துவிட்டோம்.

மூலம் லத்தீன். ‘இன்டர்’ என்றால் இடையே, ‘வெனிரே’ என்றால் வருதல். இரண்டு பேருக்கு நடுவிலோ, ஒரு நிகழ்வின் நடுவிலோ வந்து நிற்பது. வருவது நன்மைக்கா தீமைக்கா என்று அந்த வேர் சொல்வதில்லை. சமூகப் பணிக்குள் இந்தச் சொல் பரவலானதும் கொஞ்சம் பிந்தித்தான். அமெரிக்காவில் மேரி ரிச்மண்ட் 1917ல் எழுதிய அடிப்படை நூலின் தலைப்பிலேயே ‘நோயறிதல்’ என்ற மருத்துவச் சொல் இருக்கிறது. அந்தக் காலத்தில் சமூகப் பணியாளர் செய்வதைச் ‘சிகிச்சை’ என்றே சொன்னார்கள். உதவி கேட்டு வருபவரை நோயாளியாகப் பார்க்கும் பழக்கம் தளர்ந்த பிறகு, 1960களை ஒட்டி, அந்த இடத்தை இன்டர்வென்ஷன் பிடித்தது. ஆக இதன் பொருள் வெறும் உதவி இல்லை. நிலைமையை முதலில் ஆராய்ந்து, சம்பந்தப்பட்டவரோடு பேசி ஒத்துக்கொண்டு, ஒரு நோக்கத்தோடு எடுக்கும் நடவடிக்கை. பலன் வந்ததா என்று பின்னால் பார்ப்பதும் அதில் சேர்த்தி.

இதற்கு ‘இடையீடு’ என்று எழுதுவதே நல்லது என்பது என் முடிவு. இடை, ஈடு என்று பிரித்தால் லத்தீன் வேரோடு அப்படியே பொருந்துகிறது. இடையூறு, இடைஞ்சல் போன்ற சொற்களிலும் இதே ‘இடை’தானே இருக்கிறது, குறளிலேயே இடையூறு வருகிறதே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இடையீடும் பழைய வழக்கில் தடை, இடைவெளி என்ற பொருளில் வந்ததுதான். ஆனால் இன்றைய சிங்கப்பூர்த் தமிழில் அந்தப் பொருளில் யாரும் அதைப் புழங்குவதில்லை. சொல் கிட்டத்தட்ட சும்மா இருக்கிறது. துறைச்சொல்லாக எடுத்துக்கொள்ள வசதி. அதற்காகத் தலையீட்டை அடியோடு ஒதுக்கவும் வேண்டாம். பிள்ளை அடிபடுகிற வீட்டில், பெற்றோர் வேண்டாம் என்றாலும் சட்டப்படி உள்ளே போயாக வேண்டும். அதைத் தலையீடு என்று சொல்வதுதான் நேர்மை.

அடுத்த சிக்கல் ‘சமூகம்’. இரண்டு தமிழ் நிலங்களில் இந்தச் சொல் இரண்டு விதமாகப் போகிறது. இங்கே சமூக மன்றம் என்றால் அக்கம்பக்கத்தார் கூடும் இடம், இந்தியச் சமூகம் என்றால் நம்மவர்கள். ஆனால் அமைச்சின் பெயர் சமுதாய, குடும்ப மேம்பாட்டு அமைச்சு. தமிழ்நாட்டிலோ ஊர்ப் பொதுக் கூடத்துக்குச் சமுதாயக் கூடம் என்று பெயர். ஊர் நிலத்தை எல்லாரும் பொதுவில் வைத்து அனுபவிக்கும் பழைய முறைக்கும் சமுதாயம் என்ற பெயர் இருந்தது. இரண்டுமே வடமொழியிலிருந்து வந்தவை, இரண்டுக்கும் கூட்டம், திரள் என்பதே அடிப்பொருள். இந்த நிலையில் ‘கம்யூனிட்டி சோஷியல் வொர்க்’ என்ற துறைப் பெயரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘சமூகச் சமூகப் பணி’ என்று வந்து நிற்கும். ‘வட்டாரச் சமூகப் பணி’ என்றால் நமக்கு உடனே புரியும். தேக்கா வட்டாரம், ஈசூன் வட்டாரம் என்று தினமும் சொல்கிறோமே. இடம் சாராத சமூகமாக இருந்தால் மட்டும் ‘சமூகத்தளப் பணி’ என்று எழுதலாம்.

சரி, முறைகள். தனிநபரோடு செய்வது, குழுவோடு செய்வது, வட்டாரத்தோடு செய்வது என்று பழைய பாடத்தில் மூன்றாகப் பிரிப்பார்கள். முதல் இரண்டும் நமக்குப் பழகியவை. மூன்றாவது எங்கே தொடங்குகிறது என்பதைக் காட்ட ஓர் உதாரணம் சொல்கிறேன். வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) ஓரறை வாடகை வீடு ஏறத்தாழ 33 சதுர மீட்டர். தனியாளாக இருக்கும் இரண்டு பேர் சேர்ந்து அதை எடுத்துத் தங்கும் திட்டம் உண்டு. முன்பின் தெரியாத இருவர் ஒரே அறையில். ஒருவர் இரவு இரண்டு மணிக்கு வானொலி போடுவார், மற்றவர் விளக்கை அணைக்க விடமாட்டார். சண்டை முற்றினால் சமூகப் பணியாளர் போய்ச் சமாதானம் பேசுவார். இது தனிநபர்ப் பணி. அதே சண்டை மேல் மாடியிலும், எதிர் புளோக்கிலும், அடுத்த வட்டாரத்திலும் நடக்கிறது என்றால் அதை அந்த இருவரின் குணம் என்று சொல்லிவிட முடியுமா? நடுவில் தடுப்பு இல்லாதது, துணையை அவசரத்தில் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது என்று காரணங்கள் வேறு இடத்தில் இருக்கின்றன. தடுப்பு வைத்த வீடுகள் வந்ததும், 2021 இறுதியில் ஒருவர் தனியாகவே விண்ணப்பித்து, வீடுகளை நடத்தும் அமைப்பு ஒன்று அறைத்துணையைச் சேர்த்துவைக்கும் முன்னோட்டத் திட்டம் வந்ததும் இந்த இரண்டாவது பார்வையில்தான் அர்த்தமாகின்றன. ஒரு கதவைத் தட்டுவதை நிறுத்திவிட்டு முழுத் தாழ்வாரத்தையும் பார்ப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வட்டாரப் பணியை அமெரிக்கரான ஜாக் ராத்மன் 1968ல் மூன்றாக வகுத்தார். இன்றும் மாணவர்கள் அதில்தான் தொடங்குகிறார்கள். முதலாவதை ‘வட்டார மேம்பாடு’ எனலாம். அங்கே இருப்பவர்களே கூடிப் பேசி, அவர்களே முடிவெடுத்துச் செய்வது. கேட்க எளிது, செய்யக் கடினம். வாடகை புளோக்குகளில் பண்டிகை மாதம் வந்தால் ஒரே வீட்டுக் கதவில் பல அமைப்புகள் அரிசியும் மைலோ பானப்பொடியும் மாட்டிவிட்டுப் போவதுண்டு. நீரிழிவு உள்ள பாட்டிக்கு அத்தனை மைலோ எதற்கு? குடியிருப்பவர்களை உட்காரவைத்து “உங்களுக்கு என்ன வேண்டும், உங்களில் யாருக்கு என்ன தெரியும்?” என்று கேட்டால், ஒருவர் தைப்பார், ஒருவர் பிள்ளைகளைப் பள்ளி விட்டதும் பார்த்துக்கொள்வார், பகிர்ந்து கொடுக்கும் பட்டியலை அவர்களே போடுவார்கள். பணியாளருக்கு இங்கே மிகக் கடினமான வேலை, வாயை மூடிக்கொண்டு காத்திருப்பதுதான்.

இரண்டாவது ‘சமூகத் திட்டமிடல்’. தரவு திரட்டி, காரணம் கண்டு, திட்டம் போட்டு, பணம் ஒதுக்கிச் செய்வது. இந்தியப் பிள்ளைகளின் படிப்பு நிலையை ஆராய 1989ல் ஒரு நடவடிக்கைக் குழு அமைந்ததும், அதன் தொடர்ச்சியாக 1991ல் சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டா பிறந்ததும் இதற்கு நம் வீட்டு உதாரணம். மத்திய சேம நிதிச் சந்தாவோடு சம்பளத்திலிருந்து மாதாமாதம் போகும் சிறு தொகை, துணைப்பாட வகுப்புகளாக மாறுகிறது. அதற்கு வெகு முன்பே, 1932ல், தமிழர் சீர்திருத்தச் சங்கம் தொடங்கியதும், 1935ல் கோ. சாரங்கபாணி தமிழ் முரசு இதழைத் தொடங்கியதும் சமூக இடையீடுகள்தாம். அப்போது இந்தப் பெயர் யாருக்கும் தேவைப்படவில்லை. சிங்கப்பூரில் சமூகப் பணிக் கல்வி 1952ல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் தொடங்கியபோது பாடமெல்லாம் ஆங்கிலம். நம்மிடம் வேலை இருந்தது, அதற்கான துறைச்சொற்கள் தமிழில் வளரவில்லை.

‘சோஷியல் ஆக்ஷன்’ எனப்படும் மூன்றாவதற்குத்தான் தமிழில் பெயர் வைக்கத் தடுமாறுகிறோம். அதிகாரம் இல்லாதவர்களின் பக்கம் நின்று விதியை மாற்றக் கோருவது அது. ‘சமூகப் போராட்டம்’ என்று எழுதினால் ஊர்வலமும் முழக்கமும் நினைவுக்கு வருகின்றன; இங்கே வேலை அப்படி நடப்பதில்லை. இல்லப் பணிப்பெண்களுக்கு வாரம் ஒரு நாள் ஓய்வு வேண்டும் என்று தன்னார்வ அமைப்புகள் ஆண்டுக்கணக்கில் கேட்டார்கள், விவரம் சேர்த்தார்கள், முதலாளிகளோடும் அரசாங்கத்தோடும் பேசினார்கள். 2013 ஜனவரி 1 முதல் அது விதியானது. ‘சமூகச் செயல்பாடு’ என்ற பெயர் வலுவில்லாமல் இருக்கிறது. ‘உரிமைக்கான சமூக நடவடிக்கை’ நீளம்தான், ஆனாலும் பொருள் தப்பாது. அதன் உள்ளே வரும் ஒரு முக்கியமான வேலைக்கு, அதாவது பேச முடியாதவருக்காகப் பேசுவதற்கு, ‘பரிந்துபேசல்’ என்ற சொல் அழகாகப் பொருந்துகிறது. அப்புறம் ஒன்று: பாட்டியிடம் கொடுக்கும் தாளில் இடையீடு, பரிந்துபேசல் எதுவும் வேண்டாம். “உங்களோடு சேர்ந்து இதைச் செய்யலாமா?” என்று எழுதினால் அவருக்குப் புரியும், வேண்டாம் என்று சொல்லவும் அதில் இடம் இருக்கும்.