தமிழ்99 விசைப்பலகை: அரசுத் தரம் யாருக்குப் பொருந்தும், பழகுவது எப்படி

கணினியில் தமிழ் அடிக்கத் தெரியுமா என்று பத்துப் பேரைக் கேட்டால் பெரும்பாலும் மூன்று விதமான பதில் வரும். ஒருவர் ஆங்கில எழுத்தில் ஒலியைத் தட்டி அதைத் தமிழாக மாற்றிக்கொள்வார். இன்னொருவர் தட்டச்சுப் பள்ளியில் கற்ற பழைய முறையில் அடிப்பார். மூன்றாமவர் தமிழ்99 என்பார். தமிழ்நாடு அரசு தரமாக ஏற்றது இந்த மூன்றாவதைத்தான். ஆனால் அரசு வேலைக்குப் படிப்பவர்களிலும், ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களிலும்கூடப் பலருக்கு இதைப் பற்றிக் குழப்பம் இருக்கிறது. தட்டச்சுச் சான்றிதழ் வாங்கியவர் இதைத் திரும்பக் கற்க வேண்டுமா, இதற்கு மென்பொருள் வாங்க வேண்டுமா, வீட்டுக் கணினியில் வருமா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அந்தக் கேள்விகளுக்காகத்தான் இந்த விளக்கம்.

முதலில் இந்தத் தரம் வந்த வழி. கணினியில் தமிழ் நுழைந்த காலத்தில் எழுத்துரு செய்த ஒவ்வொருவரும் தமக்கென்று ஒரு விசை அமைப்பு வைத்திருந்தார்கள். ஒருவரிடம் பழகியவரால் இன்னொருவரின் கணினியில் ஒரு வரிகூட அடிக்க முடியாது. 1997இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி முன்னின்று நடத்திய தமிழிணைய மாநாட்டில் இந்தச் சிக்கல் பேசப்பட்டது. 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நாடு அரசு நடத்திய தமிழிணையம்99 மாநாட்டில், பேராசிரியர் மு. ஆனந்தகிருஷ்ணன் போன்றவர்களின் வழிகாட்டலில், பல நாட்டுத் தமிழ் வல்லுநர்கள் கூடிப் பேசி ஒரு பொது விசைப்பலகையை முடிவு செய்தார்கள். அதே ஆண்டில் அரசு அதை ஏற்று ஆணையிட்டது. ‘99’ என்ற எண் அந்த ஆண்டைக் குறிப்பது.

அடுத்த முக்கியமான ஆணை 2010 ஜூனில், கோவை உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டின்போது வந்தது. அது குறியாக்கத்தை, அதாவது எழுத்துகளைக் கணினி எண்களாகச் சேமிக்கும் முறையைப் பற்றியது. ஒருங்குறியை (யூனிகோடை) தமிழ்நாடு அரசு தன் தரமாக அறிவித்தது. ஒருங்குறி சரியாக இயங்காத மென்பொருள்களுக்காக டேஸ்16 என்ற அனைத்து எழுத்துக் குறியாக்கத்தையும் ஏற்றது. 1999இல் ஏற்கப்பட்ட டாம், டாப் குறியாக்கங்களின் காலம் அத்தோடு முடிந்தது. விசைப்பலகை மட்டும் மாறவில்லை.

இங்கேதான் பெரும்பாலானோர் தடுமாறுகிறார்கள். விசைப்பலகை வேறு, குறியாக்கம் வேறு, எழுத்துரு வேறு. எந்த விரலால் எந்த எழுத்தைத் தட்டுகிறோம் என்பது விசைப்பலகை. அந்த எழுத்தைக் கணினி எந்த எண்ணாகச் சேமிக்கிறது என்பது குறியாக்கம். திரையில் அது எந்த வடிவில் தெரிகிறது என்பது எழுத்துரு. ஒருவர் தமிழ்99 முறையில் அடித்தும், பழைய குறியாக்க எழுத்துருவில் சேமித்துவிட்டால், அந்தக் கோப்பு வேறொரு கணினியில் கட்டமும் கோடுமாகத் தெரியும். எனக்கு ஒருமுறை ஓர் அலுவலகத்திலிருந்து மின்னஞ்சலில் வந்த கடிதம் அப்படித்தான் இருந்தது. அனுப்பியவரிடமே அச்செடுத்துத் தரச் சொல்லி, நேரில் போய் வாங்கி வந்தேன். அவர் அடித்ததில் ஒரு பிழையும் இல்லை. சேமித்த குறியாக்கம்தான் பழையது. ஆகவே ‘தமிழ்99இல் அடிக்கவும்’ என்றும் ‘ஒருங்குறியில் அனுப்பவும்’ என்றும் இரண்டு அறிவுறுத்தல்கள் வந்தால், இரண்டையும் தனித்தனியாகக் கவனிக்க வேண்டும்.

இந்தத் தரம் யாரைக் கட்டுப்படுத்தும்? அரசின் ஆணை அரசு அலுவலகங்களுக்கானது. பொதுமக்கள் எந்த முறையில் அடித்தாலும் கேட்பாரில்லை. இணையத்தில் நிரப்பும் விண்ணப்பத்தில் ஒருங்குறித் தமிழ் இருந்தால் போதும். அதை எந்த விசையால் அடித்தீர்கள் என்பது கணினிக்குத் தெரியாது. தமிழ்நாட்டுக்கு வெளியே வேறு தரங்களும் உண்டு. இலங்கை அரசின் தரத்தில் இருப்பது ரெங்கநாதன் விசைப்பலகை. இந்திய மொழிகள் அனைத்துக்கும் பொதுவாக நடுவண் அரசு கொண்டுவந்தது இன்ஸ்கிரிப்ட். விண்டோஸில் தமிழைச் சேர்க்கும்போது இந்த இன்ஸ்கிரிப்ட் வந்து உட்கார்ந்துவிடுவதும் உண்டு. தமிழ்99 என்று நினைத்துக்கொண்டு அதில் தட்டிப் பார்த்துவிட்டு, எழுத்து எதுவுமே இடத்தில் இல்லையே என்று விட்டுவிட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

தட்டச்சுத் தேர்வைப் பற்றி ஒரு தெளிவு. தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் இளநிலை, முதுநிலைத் தட்டச்சுத் தேர்வுகள் தனி ஏற்பாடு. அரசுப் பணியாளர் தேர்வாணையம் தட்டச்சர் பதவிக்குக் கேட்பது அந்தச் சான்றிதழ்களை. தமிழ்99 நன்றாகத் தெரியும் என்பது அவற்றுக்கு ஈடாகாது. அவை கையில் இருப்பதாலேயே தமிழ்99 தெரிந்துவிடவும் செய்யாது. தட்டச்சுப் பள்ளிகளில் தலைமுறைகளாகக் கற்றுத்தரப்படும் அமைப்பு தட்டச்சுப் பொறிக்காக உருவானது. யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவுக்குப் போன ஆர். முத்தையா தமிழ்த் தட்டச்சுப் பொறிக்குச் செய்த பணியின் வழியில் வந்தது. தேர்வுக்குப் பணம் கட்டுமுன், அந்த ஆண்டின் அறிவிக்கையில் எந்த விசை அமைப்பு கேட்கப்பட்டிருக்கிறது என்பதைப் படித்துவிட்டுப் பயிற்சியைத் தொடங்குங்கள். பள்ளியில் சொன்னார்கள், நண்பர் சொன்னார் என்று போய்விடாதீர்கள்.

மென்பொருளுக்குக் காசு எதுவும் தேவையில்லை. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் மொழி அமைப்புகளில் தமிழைச் சேர்த்து, அதன் விசைப்பலகைப் பட்டியலில் ‘தமிழ் 99’ என்பதைத் தேர்ந்தெடுக்கலாம். ஆப்பிள் கணினியிலும் ஐபோனிலும் இது உள்ளேயே இருக்கிறது. ஆண்ட்ராய்டில் செல்லினம் போன்ற செயலிகள் தருகின்றன. இ-கலப்பை, என்எச்எம் ரைட்டர் ஆகியவை பல ஆண்டுகளாக இலவசமாகக் கிடைப்பவை. அரசின் தமிழ் இணையக் கல்விக்கழகம் ‘கீழடி’ என்ற பெயரில் விசைப்பலகை மென்பொருளையும், பழைய குறியாக்கக் கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்ற ‘தமிழி’ என்ற மாற்றியையும், எழுத்துருக்களையும் தன் இணையதளத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. கல்லூரியில் படிப்பவராக இருந்தால் உங்கள் கல்லூரியில் கணித்தமிழ்ப் பேரவை இருக்கிறதா என்று விசாரியுங்கள். அக்கல்விக்கழகத்தின் துணையோடு இயங்கும் மாணவர் அமைப்பு அது.

இனி விசைப்பலகைக்கு வருவோம். இதைப் பற்றிப் பேசும்போது எனக்கு நேரம் போவதே தெரியாது.

உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1. ஆக 31 விசைகள். 247 எழுத்துகளும் இந்த 31இல் அடங்கிவிடுகின்றன. உயிர் எல்லாம் இடக்கையில், மெய் எல்லாம் வலக்கையில். வகரமும் ஙகரமும் மட்டும் இடக்கைச் சுட்டுவிரலின் கீழ் வரிசைக்குப் போயிருக்கின்றன. மெய்யைத் தட்டி உயிரைத் தட்டினால் உயிர்மெய். ‘க’வைத் தட்டி ‘இ’யைத் தட்டினால் ‘கி’. ‘க’வைத் தட்டி ‘ஒ’வைத் தட்டினால் ‘கொ’. கொம்பு எது, கால் எது என்று பிரித்து யோசிக்கும் வேலையே இல்லை. பழைய தட்டச்சில் ‘கொ’வுக்கு முதலில் கொம்பு, பிறகு ‘க’, பிறகு கால் என்று மூன்று தட்டு. கண்ணால் பார்க்கும் வரிசை அது. தமிழ்99 வாயால் சொல்லும் வரிசை.

நடு வரிசையில் விரல்களை வையுங்கள். இடக்கையில் சுண்டுவிரல் அ, மோதிரவிரல் இ, நடுவிரல் உ, சுட்டுவிரல் ஆய்தம். சுட்டுவிரலைச் சற்று உள்ளே நீட்டினால் எ. இவற்றில் குறிலுக்கு நேர் மேலே அதன் நெடில்: அவுக்கு மேல் ஆ, இக்கு மேல் ஈ, உவுக்கு மேல் ஊ, எவுக்கு மேல் ஏ. ஆய்தத்துக்கு மேல் ஐ. கீழ் வரிசையில் ஔ, ஓ, ஒ. மெய்யெழுத்துக்குப் பின் ஆய்த விசையைத் தட்டினால் அது புள்ளியாகிவிடும். தமிழில் புள்ளி எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பார்த்தால், அதை ஏன் சுட்டுவிரலுக்கு அடியிலேயே வைத்தார்கள் என்பது புரியும்.

வலக்கையில் சுட்டுவிரல் ப. அதை உள்ளே நீட்டினால் க. நடுவிரல் ம, மோதிரவிரல் த, சுண்டுவிரல் ந, அதைத் தாண்டி ய. மேல் வரிசையில் ள, ற, ன, ட, ண, ச, ஞ. கீழ் வரிசையில் ல, ர, கடைசியில் சுண்டுவிரலுக்கு ழ. இப்போது அருகருகே இருப்பவற்றைக் கவனியுங்கள்: ப-ம, த-ந, ற-ன, ட-ண, ச-ஞ. பள்ளியில் படித்த இன எழுத்துகள் ஜோடி ஜோடியாகப் பக்கத்துப் பக்கத்து விசையில் இருக்கின்றன. இதை ஒருமுறை பார்த்துவிட்டால் பாதிப் பலகை மனப்பாடம் ஆன மாதிரிதான்.

அந்த இன எழுத்து உறவு இன்னொரு வேலையும் செய்கிறது. மெல்லினத்தைத் தட்டி அதன் இன வல்லினத்தைத் தட்டினால், மெல்லினத்தின் மேல் புள்ளி தானாக விழும். ‘பந்து’ அடிக்க ப, ந, த, உ. ‘தங்கம்’ அடிக்க த, ங, க, ம, புள்ளி. ‘மன்றம்’ அடிக்க ம, ன, ற, ம, புள்ளி. ‘அந்த’, ‘இந்த’, ‘எந்த’ மூன்றுக்கும் மும்மூன்று தட்டுகள்தான். அதேபோல ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதலாவதற்குப் புள்ளி விழும்: ‘பத்து’ என்பது ப, த, த, உ, ‘அம்மா’ என்பது அ, ம, ம, ஆ. ஆங்கில ஒலிமுறையில் ‘தங்கம்’ என்ற ஒரு சொல்லுக்கு எட்டுத் தட்டு ஆகும். இங்கே ஐந்து.

புள்ளி விழக் கூடாத இடமும் வரும். ‘ததும்பு’ என்று அடிக்க நினைத்து த, த என்று தட்டினால் ‘த்த’ ஆகிவிடும். அப்போது முதல் ‘த’வுக்குப் பின் ‘அ’வைத் தட்ட வேண்டும்: த, அ, த, உ, ம, ப, உ. ‘பப்பாளி’க்கு ப, அ, ப, ப, ஆ, ள, இ. ‘அந்தத் தம்பி’ என்பதில் வரும் ‘அந்தத்’ போன்ற சொற்களில் புதியவர்கள் அடிக்கடி மாட்டிக்கொள்வார்கள். அங்கேயும் இரண்டு தகரங்களுக்கும் இடையில் ஓர் ‘அ’ போட்டுவிடுங்கள். ‘க’ என்பது ‘க்’கும் ‘அ’வும் சேர்ந்தது என்ற இலக்கணத்தை விரல் நினைவில் வைத்துக்கொள்ளும் இடம் இது. கிரந்த எழுத்துகளான ஸ, ஷ, ஜ, ஹ எல்லாம் ஷிப்ட் விசையோடு இடப்பக்க மேல் வரிசையில்.

தானாகப் புள்ளி விழுவது எல்லா மென்பொருளிலும் ஒரே சீராக இயங்குவதில்லை. புதிதாக ஒன்றை நிறுவியவுடன் அ, ம, ம, ஆ என்று தட்டிப் பாருங்கள். ‘அம்மா’ வந்தால் சரி. ‘அமமா’ என்று வந்தால் அதை நீக்கிவிட்டு வேறொன்றைப் போடுங்கள். அதிலேயே பழகினால் பிறகு விரல் மாறாது.

பழகும் வழி என்று கேட்டால், முதல் சில நாள்களுக்கு நடு வரிசையை விட்டு நகரவே வேண்டாம் என்பேன். அந்த ஒரு வரிசையிலேயே அது, இது, எது, நதி, மதி, முகம், நகம், தம்பி, அம்பு, கம்பி, முத்து, பத்து, நெய், மெய், அக்கம் பக்கம் என்று எவ்வளவோ சொற்கள் இருக்கின்றன. விசைமேல் தமிழ் ஒட்டிகளை ஒட்டாதீர்கள். கண் கீழே போய்ப் பழகிவிட்டால் மேலே வருவது கடினம். பலகையின் படத்தை அச்செடுத்துத் திரைக்குப் பக்கத்தில் வையுங்கள். நாளுக்கு அரை மணி நேரம் போதும். ஒரே நாளில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து, அடுத்த நான்கு நாள் தொடாமல் விடுவது பயன் தராது.

பழைய தட்டச்சில் வேகமாக அடிப்பவர்களுக்குத்தான் இது கடினம். எனக்கு அப்படித்தான் இருந்தது. ‘கெ’ என்றாலே விரல் கொம்பைத் தேடிப் போகும். இரண்டு வாரம் இரண்டு முறையிலும் தப்பாக அடித்தேன். பழையதும் போய்விட்டதோ என்று பயந்தேன். போகவில்லை. மூன்றாவது வாரத்தில் இரண்டும் தனித்தனியாகப் பிரிந்து நின்றன. அவசரக் கடிதங்களைப் பழைய முறையிலேயே அடித்துக்கொண்டு, ஒவ்வொரு நாளும் கடைசி ஒரு கடிதத்தை மட்டும் தமிழ்99இல் அடித்ததுதான் எனக்குக் கைகொடுத்தது. அலுவலகத்தில் உங்கள் கணினியில் மட்டும் அமைப்பை மாற்றிக்கொள்ளுங்கள். பக்கத்தில் இருப்பவரும் அதே கணினியைப் பயன்படுத்துகிறார் என்றால் இரண்டு அமைப்புகளையும் வைத்துவிட்டு, எதிலிருந்து எதற்கு எப்படி மாறுவது என்று அவருக்கும் காட்டிவிடுங்கள்.